ஒத்திகை பார்த்த சிரிப்பு

வாருங்கள், ஓர் அநியாயத்துக்குச் சாட்சியாக நில்லுங்கள். இங்கே ரத்தம் சிந்தவில்லை, யாரும் அழவில்லை. நூற்றிருபது பேர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டின் பொங்கல் விழா அது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு தேவாலயத்துக்குரிய கூடத்தை ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஈரக் குளிர்கோட்டுகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. மேடையில் பட்டிமன்றம்: ‘அயல்நாட்டு வாழ்வில் அதிகம் துன்பப்படுவது கணவனா, மனைவியா?’ கணவன் அணியின் முதல் பேச்சாளன் ஜெயகாந்த் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தான். அவன் மனைவி பிருந்தா முன்வரிசையில் அமர்ந்திருந்தாள்.

“நடுவர் அவர்களே! என் வீட்டம்மா ஜெர்மன் படிக்கிறாங்க. பேசிப் பழக ஆள் கிடைக்கல. தினமும் காலைல ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு, ‘ஐயா, எனக்கு ஒரு வேலை குடுங்க’ன்னு ஜெர்மன்ல கேக்கறாங்க. அதைக் கேட்டு உள்ள இருந்த பாலே திரிஞ்சு போச்சுங்க! இவங்களுக்கு வேலை குடுத்தா அந்தக் கம்பெனி என்னத்துக்கு ஆகும்?”

கூடம் அதிர்ந்தது. நடுவர் நாற்காலியில் இருந்த கிருஷ்ணமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மணியைத் தட்டினார். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் துறைத்தலைவர் அவர். “நல்லவேளை சொன்னீங்க ஜெயகாந்த்! திங்கட்கிழமை அந்தம்மாவை இன்டர்வியூ பண்ணப் போறது நான்தான். ஆபீஸ்ல இருக்கற பாலை எல்லாம் மறைச்சு வெச்சிடறேன்!”

மீண்டும் சிரிப்பு. பிருந்தாவும் சிரித்தாள். கணவனின் நகைச்சுவைக்குச் சிரிக்காத மனைவிக்கு இந்தக் கூடங்களில் என்ன பெயர் கிடைக்கும் என்பதை அவள் அறிவாள். சென்னையில் ஆறு ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். கணவனின் பணிக்காக அதை உதறிவிட்டு வந்து, வேலை அனுமதிக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவள். நாற்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு வந்த முதல் நேர்காணல் அது. அவளை எடைபோடவிருக்கும் மனிதர், அவள் வாயைத் திறக்கும் முன்பே, மேடையில் அமர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்துப் பேச வேண்டியவன் தியாகு. ஜெயகாந்தின் நண்பன்; அதே அணி. அவன் கையிலிருந்த தாளில் தன் மனைவி சியாமளாவைப் பற்றி ஐந்து நகைச்சுவைகள் இருந்தன. ஐந்தும் கற்பனை. மனைவியைக் கேலி செய்யாமல் கணவன் அணிக்குக் கைதட்டல் வாங்கியவர்கள் எவரும் இல்லை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான் எழுதினார்கள். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“நடுவர் அவர்களே, இப்ப நீங்க சிரிச்ச ஃப்ரிட்ஜ் ஜோக்கை எழுதினவன் நான்.”

பலர் கைதட்டினார்கள். இதுவும் வேடிக்கையின் தொடக்கம் என்றே எண்ணினார்கள்.

“தட்டாதீங்க. அந்த ஃப்ரிட்ஜ் கதவுல முப்பத்திரண்டு கேள்வி ஒட்டியிருக்கு. இன்டர்வியூல என்னென்ன கேப்பாங்கன்னு அவங்களே யோசிச்சு, ஜெர்மன்ல பதிலும் எழுதி வெச்சிருக்காங்க. நான் படிச்சுப் பார்த்தேன். ரெண்டே ரெண்டு தப்பு. என் இன்டர்வியூல நான் அதைவிட ஜாஸ்தி தப்பு பண்ணேன். அதை யாரும் மைக் போட்டுச் சொல்லல. எனக்கு வேலையும் கிடைச்சுது.”

மணி ஒலித்தது. “தியாகு, நீங்க கணவன் அணி. கட்சி மாறிப் பேசக்கூடாது,” என்றார் கிருஷ்ணமூர்த்தி. குரலில் இன்னும் சிரிப்பு ஒட்டியிருந்தது.

“அணியை விட்டு இறங்கிடறேன் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். திங்கட்கிழமை அவங்க எதிர்ல உக்காரும்போது உங்களுக்கு எது ஞாபகம் வரும்? ஆறு வருஷ அனுபவமா, திரிஞ்ச பாலா?”

“இதெல்லாம் ஒரு ஃபன்தானே? ஃபங்ஷன்ல பேசறதை ஆபீஸுக்கு யாருப்பா எடுத்துட்டுப் போறாங்க?”

“நீங்கதான் சார். இப்பத்தான் மணியடிச்சுச் சொன்னீங்க.”

சிரிப்பு நின்றது. ஜெயகாந்த் இருக்கையில் இருந்தபடியே பல்லைக் கடித்தான். “டேய், என் பொண்டாட்டிய நான் சொல்றேன். உனக்கு எங்கடா வலிக்குது? எழுதிக் குடுத்துட்டு இப்ப மகாத்மா வேஷமா?”

முன்வரிசையில் பிருந்தா எழுந்தாள். ஒலிவாங்கி இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசையை எட்டியது.

“அவர் கேக்கறது நியாயம்தான் தியாகு. போன சனிக்கிழமை எங்க வீட்டு ஹால்ல ஒத்திகை பார்த்தீங்க. நான் உங்க நாலு பேருக்கும் டீ போட்டுட்டிருந்தேன். இந்த ஜோக்குக்கு முதல்ல சிரிச்சது உங்க குரல். இன்னிக்கு நூத்தியிருபது பேருக்கு நடுவுல சொன்னதை, அன்னிக்கு நாலு பேருக்கு நடுவுல சொல்லியிருந்தா, நான் இங்க நிக்க வேண்டியதே இல்ல.”

“ஆமாங்க,” என்றான் தியாகு.

அவள் நடுவரைப் பார்த்தாள். “சார், திங்கட்கிழமை பத்து மணிக்கு வரேன். முப்பத்திரண்டுல எதை வேணாலும் கேளுங்க.” கணவனைப் பார்க்காமல், குவியலிலிருந்து தன் கோட்டை உருவிக்கொண்டு வெளியேறினாள். சியாமளா அவள் பின்னே போனாள். மேடையில் கிருஷ்ணமூர்த்தி மணியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார், அது தானாக ஒலித்துவிடும் என்று அஞ்சியவர் போல.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது அவளுடைய நேர்காணல். உங்களுடையது வேறு. இந்த வாரம் உங்கள் ஊரில், ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில், நான்கு ஆண்கள் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் ஒரு வரியைப் படித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். நீங்கள் சிரிப்பதற்காகக் காத்திருப்பான். உள்ளே அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஐயா, அந்தக் கணத்தில் சிரிக்காதீர்கள். பேனாவைக் கையில் வாங்குங்கள். அந்த வரியை அடியுங்கள்.