செக்கர் மனைவிக்குப் பொருந்தாத ரத்தம்

பஸ்ஸில் டிக்கெட் செக்கர் வேலை பார்த்துப் பார்த்து, ஊரில் எல்லோருமே டிக்கெட் எடுக்காதவர்களாக அவருக்குத் தெரிய ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறுவார். கையை நீட்டும் முன்பே முகத்தைப் பார்த்துவிடுவார். தூங்குகிற மாதிரி நடிப்பவன், ஜன்னலுக்கு வெளியே திடீரென்று அக்கறை காட்டுபவள், பையைத் தடவித் தடவி நேரம் கடத்துபவன், ஒருவரும் தப்பியது கிடையாது. கண்டக்டர்கள் அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளுக்குள் அதில் அவருக்குப் பெருமைதான்.

வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருகிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே கிடையாது. மனுஷன் வீட்டிலும் செக்கர்தான். போன் ஏன் இவ்வளவு நேரம் கிடைக்கவில்லை, கதவைத் திறக்க ஏன் தாமதம், கடைக்குப் போக எதற்குப் புதுப்புடவை என்று துருவித் துருவிக் கேட்பார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மனைவி பதில் சொல்லியே பழகிவிட்டாள். குழந்தை இல்லை. இப்போது கர்ப்பப்பையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், செக்கர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரத்த வங்கிக்குக் கிளம்பினார்.

அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவர் கையைப் பார்க்கவே இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத்தான் பார்த்தாள்.

"உங்களது பாசிட்டிவ். அவங்களுக்கு நெகட்டிவ். உங்க ரத்தம் ஆகாது சார்."

"புருஷன் ரத்தமே ஆகாதா?"

"புருஷன் பொண்டாட்டின்னெல்லாம் ரத்தத்துக்குத் தெரியாது சார்" என்று சிரித்துவிட்டு, அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. பாசிட்டிவ் ரத்தத்தை எதிர்க்கிற சக்தி அவங்க உடம்புல ஏற்கெனவே உண்டாகியிருக்கு. அது தானா வராது. அவங்களுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்போ குழந்தை? பிறந்துதான் இருக்கணும்னு இல்லை. உண்டாகிக் கலைஞ்சிருந்தாலும் போதும்."

"எங்களுக்குக் குழந்தையே இல்லைம்மா. இவளே நெகட்டிவ்னா, இவ வயித்துல எப்படிப் பாசிட்டிவ் குழந்தை?"

"அப்பாகிட்டேயிருந்து வரும் சார். குழந்தையோட ரத்தம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்தாலும், அவங்க உடம்பு அதை அந்நியம்னு நினைச்சு எதிர்க்கக் கத்துக்கும். அந்த நேரத்துல ஒரு ஊசி போட்டுட்டா இது வராது. யாரோ போடாம விட்டிருக்காங்க. எதுக்கும் அவங்களையே கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நெகட்டிவ் ரத்தத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

அப்பாவிடமிருந்து வரும். செக்கர் காதில் அது ஒன்றுதான் விழுந்தது. தனக்குத் தெரிந்து அவள் ஒருநாளும் முழுகாமல் இருந்ததில்லை. அப்படியானால் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பாக இருக்கலாம். பின்பாகவும் இருக்கலாம். எத்தனையோ டிக்கெட் இல்லாப் பயணிகளைப் பிடித்தவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்தபோது காதெல்லாம் சூடேறியது.

வார்டுக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார். அவள் மாமா மகன் ஒருவன் நேற்றிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்தான். சொந்தக்காரன்தானே என்று அதுவரை விட்டுவைத்திருந்தார். இப்போது அவன் மோட்டார் சைக்கிளில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர். பி பாசிட்டிவ். பொறி தட்டியது. ரத்த வகையை ஊருக்கே விளம்பரம் பண்ணுகிறான், என்ன நெஞ்சழுத்தம்!

அடுத்த வண்டி ஹெல்மெட்டிலும் பாசிட்டிவ். அதற்கடுத்ததிலும் பாசிட்டிவ். வாசலில் நின்ற காவலாளியின் அடையாள அட்டையை எட்டிப் பார்த்தார், அவனும் பாசிட்டிவ். அவள் முன்பு வேலை பார்த்த ஜெராக்ஸ் கடை முதலாளி, மாடி வீட்டு வாத்தியார், கேஸ் சிலிண்டர் போடுகிறவன் என்று ஒவ்வொருவராக நினைவில் இழுத்து வந்து நிறுத்தினார். ஊரில் பெரும்பாலானவர்கள் பாசிட்டிவ்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஊரே சேர்ந்து சதி செய்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார். தன் கழுத்தில் தொங்கிய அட்டையிலும் அதே பாசிட்டிவ் இருந்ததை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அண்ணி, கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு உடம்புக்கு ஏதாவது... ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு..."

"ஒண்ணும் இல்லையே. ஏன், டாக்டர் என்ன சொன்னார்?"

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். இவளும் கூட்டு என்று முடிவு கட்டினார்.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது மனைவி சுவரோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். செக்கர் பச்சைத் திரையைச் சர்ரென்று இழுத்து மூடினார். மற்ற நோயாளிகள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"யாரு அவன்?"

"எவன்?"

"நடிக்காதே. உன் வயித்துல பாசிட்டிவ் குழந்தை இருந்திருக்கு. ரத்தம் பொய் சொல்லாது."

முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவர், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பயம் வரும், கண் அலையும் என்று எதிர்பார்த்தார். எதுவும் வரவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை இறக்கி வைக்க இடம் கிடைத்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"உங்களோடதுதான்" என்றாள்.

"என்ன சொல்றே?"

"கல்யாணமான ரெண்டாவது வருஷம். நீங்க வெளியூர் டூட்டிக்குப் போயிருந்தீங்க. நாள் தள்ளிப் போயிருந்தது. நீங்க வந்ததும் சொல்லலாம்னு சந்தோஷமா வெச்சிருந்தேன். நீங்க வர்ற அன்னிக்குக் காலையில வயித்துவலி. மார்க்கெட் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தனியாவே போனேன். கலைஞ்சிடுச்சுன்னாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார் செக்கர்.

"சொல்லத்தான் வந்தேன். கால் நடுங்குது, நிக்க முடியலை. நீங்க வாசல்ல நின்னீங்க. எங்கே போனே, யார்கூடப் போனேன்னு கேட்டீங்க. மார்க்கெட்டுக்குன்னு சொன்னேன். பஸ் டிக்கெட்டைக் காட்டுன்னீங்க."

செக்கர் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சரி, சாப்பாடு எடுத்து வைன்னீங்க."

அந்த டிக்கெட் அவருக்கு நினைவிருந்தது. கசங்கி, வியர்வையில் ஈரமாகி இருந்தது. மார்க்கெட் ஸ்டாப், அன்றைய தேதி, எல்லாம் சரியாக இருந்தது. அதை நீட்டியவளின் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவோ முயன்றும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. முகம் பார்க்காமல் டிக்கெட்டை மட்டும் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

"அந்த ஊசி?" என்றார்.

"அன்னிக்கு அங்கே மருந்து இல்லை. மூணு நாளைக்குள்ள வந்து கட்டாயம் போட்டுக்கணும், இல்லேன்னா பின்னாடி கஷ்டம்னு சொன்னாங்க. வெளியில போனா மறுபடியும் டிக்கெட் காட்டணும். எனக்குத் தெம்பு இல்லை. போகலை."

செக்கர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தனக்கு ஒரு குழந்தை இருந்திருக்கிறது. தன் ரத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நாளில் அவர் டிக்கெட்டின் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவமானம் ஒருபக்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி, முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காகத் துக்கம் பொங்கிவந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் தொட்டுத் தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை. இந்த அழுகையை அவள் எப்போதோ தனியாக அழுது முடித்திருந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ஸ்கேனுக்குக் கூப்பிடறாங்க. நடப்பீங்களா, வீல்சேர் கொண்டுவரட்டுமா?"

"நடக்கிறேன் சிஸ்டர்" என்று மனைவி மெல்லக் காலைத் தரையில் ஊன்றினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, கணவன் பக்கம் திரும்பினாள்.

"கீழ் மாடிக்குத்தான் போறேன்" என்றாள். "இந்த சிஸ்டரும் கூட வர்றாங்க. வேற யாரும் இல்லை. முடிஞ்சதும் நேரா வந்துடுவேன்."

அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.