சீல் பிரிக்காத லென்ஸ்

ஸ்டுடியோக்காரருக்குத் தங்கத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. "தங்கம் ஏறும், இறங்கும். நல்ல லென்ஸ் ஏறத்தான் செய்யும்" என்று சொல்லித்தான், கல்யாணமான புதிதில் மனைவியின் வளையல்களை விற்று ஒரு லென்ஸ் வாங்கினார். ஆள் முகத்தைப் படம் பிடிக்கவென்றே செய்த லென்ஸ். சீலைப் பிரித்தால் விலை இறங்கிவிடுமாம். அலமாரியின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்த பெட்டி இருபது வருஷமாக இறங்கவில்லை. ஊரார் முகத்தையெல்லாம் பழைய லென்ஸில் பிடித்தார். வீட்டில் இருந்த முகத்துக்கு மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. மனுஷனை என்ன சொல்ல!

"உள்ளே லென்ஸ்தான் இருக்கா, இல்ல செங்கல்லா?" என்று தூசி தட்டும்போதெல்லாம் அவள் கேலி செய்வாள்.

கடைசியில், பழைய லென்ஸ்களைச் சேர்க்கும் ஒருவர் சீல் பிரிக்காமல் இருந்தால் வாங்கின விலையைப்போல் நாலு மடங்கு தருவதாகச் சொன்னார். நாளை வந்து வாங்கிக்கொள்வார். ஸ்டுடியோக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா? உன் வளையலைத் திருப்பிப் போட்டுடலாம்."

தங்கம் அதைவிட எவ்வளவோ ஏறிவிட்டதென்று அவளுக்குத் தெரியும். பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இது போறதுக்கு முன்னாடி என்னை ஒரே ஒரு படம் எடுங்களேன்" என்றாள்.

பிரித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கேட்டாள். அவளாக வாய்விட்டு எதையும் கேட்டதாக அவருக்கு நினைவே வரவில்லை. பிளேடை எடுத்துச் சீலைக் கீறினார்.

ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தார். படத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மூட்டம். லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்தார். கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. காற்றும் வெளிச்சமும் படாமல் கட்டிக் காத்த லட்சணம் அது.

"சல்லிக்காசு பெறாதும்மா. உன்னை ஏமாத்திட்டேன். நாளைக்கு வரவேண்டாம்னு அவருக்குச் சொல்லிடறேன்."

அவள் எங்கே காதில் வாங்கினாள்? கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். மூட்டத்தில் கண்ணோரச் சுருக்கமெல்லாம் கரைந்து, இருபது வருஷத்துக்கு முன் அவர் எடுக்காமல் விட்ட முகம் அங்கே இருந்தது.

"இவ்ளோ நல்லாவா இருந்தேன்?" என்றாள். "சும்மா நிக்காதீங்க. வெளிச்சம் போறதுக்குள்ள இன்னொண்ணு எடுங்க."

எடுத்தார். எடுத்த அவசரத்தில் படம் ஆடிப்போயிருந்தது. அதையும் அழிக்க அவருக்கு மனசு வரவில்லை.