இரண்டு டார்கஸ்

1

இந்தக் கதையில் பாதி ஒட்டுக்கேட்டது. மீதிக்கு நான் பொறுப்பு. மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் அலுவலகத்தில், நாய்க்கு உரிமம் புதுப்பிக்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் லோர்னா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1698ஆம் ஆண்டின் கடுங்குளிரில் டார்கஸ் என்ற பெண்குழந்தை' (வேண்டாம். அந்தக் குளிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

2

லோர்னா பதினோரு வருடமாகத் தன் முன்னோரைத் தேடுகிறாள். அவளுடைய வம்சப் படத்தின் உச்சியில் டார்கஸ்: பிறப்பு 1698, பிள்ளைகள் ஒன்பது. அன்று எழுத்தர் வார்ட் பழைய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"உங்க டார்கஸ் ரெண்டு வயசுலயே செத்துட்டாளே, லோர்னா."

"செத்தவ எப்படி ஒம்பது பெத்தா? சும்மா இருங்க வார்ட்."

"கீழ பாருங்க. 1701. அதே அப்பா, அதே அம்மா, இன்னொரு டார்கஸ். செத்த புள்ள பேர அடுத்ததுக்கு வைக்கிறது அப்ப வழக்கம். இதுல தடுக்கி விழாத ஆளே இல்ல."

லோர்னா இரண்டு பெண்களை ஒருத்தியாக்கி வைத்திருந்தாள். மூத்தவளுக்குப் படத்தில் கட்டமே இல்லை.

"பெத்தனி நேத்து போன் பண்ணா" என்றாள். "வயித்துல பொண்ணாம். ஹேசல்னு வைக்கட்டுமா, நீ சரின்னாத்தான்னு கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்க பனி பெய்யுதான்னு கேட்டேன்."

3

(ஹேசல், லோர்னாவின் மூத்த மகள். பெத்தனி அவளுக்குப் பின் பிறந்தவள்.) நான்கு வயது ஹேசல் எங்கள் ஊர்க் குளத்தில் மூழ்கிய அன்று லோர்னா சமையலறையில்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

4

லோர்னா சரி என்றால், முற்றத்தில் யாராவது "ஹேசல்" என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பாள். ஓடி வருவது வேறொரு குழந்தையாக இருக்கும். வேண்டாம் என்றால், அந்தப் பெயரைக் கூப்பிட ஆளே இருக்காது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அழுதேன்.

நான் கண்டது இவ்வளவுதான். அவள் வார்டிடம் பென்சில் வாங்கி, தன் வம்சப் படத்தில் டார்கஸுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு, 1698–1700 என்று எழுதினாள். அப்போது அவள் பையில் போன் அடித்தது.

"சொல்லு பெத்தனி. யோசிச்சேன்மா" என்றபடி சன்னல் பக்கம் போனாள்.

என் முறை வந்தது. "நாய் பேரு?" என்று வார்ட் உரக்கக் கேட்டார். சொன்னேன். நான் திரும்பியபோது அவள் போனை வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

என் காதில் விழாத அவள் பதிலையும் நானே எழுதியிருக்கலாம். மீதிப் பாதியை எழுதியவன்தானே. ஆனால் அது ஹேசலின் பெயர். நீங்கள் சன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் சொல்லுங்கள்.