படகை இழுக்க ஒரு வண்டி

ராஜகீழ்ப்பாக்கத்தில் லாசரஸ் சார் வீட்டுக் காம்பவுண்டுக்குள் கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு படகு நின்றது. கார் கிடையாது, படகு மட்டும்தான். கிண்டித் தொழிற்சாலை ஒன்றில் டிராயிங் போடுகிற மனிதர், லீவு நாளையெல்லாம் கொட்டித் தம் கையாலேயே செய்த மரப்படகு. இரண்டு சக்கரம் வைத்த இழுவண்டி ஒன்றும் அதற்குச் செய்திருந்தார். அதை மாட்டி இழுக்கத்தான் வண்டி இல்லை. வருஷத்துக்கு நாலு தடவை யாரையாவது கெஞ்சிக் கூத்தாடி ஜீப் இரவல் வாங்கி, முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு இழுத்துப் போவார். மற்ற நாட்களில் அவர் மனைவி ஜெயசீலி அதன்மேல் வடகம் காயவைப்பாள்.

ஜெயசீலி பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அந்தப் படகுக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "என் சக்களத்திக்கு இந்த மாசமும் வார்னிஷ் வேணுமாம்" என்று சர்ச் மாதர் சங்கத்தில் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் சிரிக்க வைப்பாள். அதில் பாதி விளையாட்டு, பாதி வயிற்றெரிச்சல். காலையில் பஸ்ஸில் நசுங்கித் தாம்பரம் போய், ரயிலில் நின்று பல்லாவரம் போய், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடப்பதற்குள் அவள் முழங்கால் இரண்டும் கெஞ்சும். புருஷனோ வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே படகில்தான் வந்து முடிப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஒருவழியாக வண்டிக்குப் பணம் சேர்ந்தது. சேர்ந்த நேரம் பார்த்து அரபு நாட்டில் சண்டை வந்து பெட்ரோல் விலை ஏறிக் குந்திக்கொண்டது. லாசரஸ் சார் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாகிவிட்டது. படகை இழுக்க ஜீப் வேண்டும். தினம் கிண்டிக்குப் போய்வர எண்ணெய் கொஞ்சமாகக் குடிக்கிற வண்டி வேண்டும். இரண்டு குணமும் உள்ள வண்டியை ஆண்டவர் இன்னும் சிருஷ்டிக்கவில்லை.

மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய ஜீப்பைப் போய்ப் பார்த்தார்கள். "இது பெட்ரோலைக் குடிக்காது, கொப்பளிச்சுத் துப்பும்" என்றாள் ஜெயசீலி. பழைய ஃபியட் ஒன்று வந்தது. அது எட்டாக் கனி. ஸ்கூட்டர் என்றால் ஒரு லிட்டருக்குத் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் சளைக்காமல் போய்வரும். பின்னால் உட்கார்ந்தால் பள்ளிக்கூட வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் ஜெயசீலி அழகாகக் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"படகு?" என்றார் லாசரஸ் சார்.

"ஸ்கூட்டர்ல கட்டுங்க. இறக்கம் வந்தா அது உங்களை இழுத்துட்டுப் போகும்."

பேச்சு அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அந்த வாரம் பஸ் படியில் கால் தவறி ஜெயசீலி முழங்கால் வீங்கி வீட்டுக்கு வந்தாள். லாசரஸ் சார் கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். காலையில் காபியை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஸ்கூட்டரே வாங்கிடலாம் சீலி. படகைச் சர்ச் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக் கொடுத்துடறேன்" என்றார்.

"கொடுக்கறதா? வித்தாலாவது நாலு காசு வருமே?"

"பிள்ளையை வளர்த்துட்டு விலை பேசச் சொல்றியா? கர்த்தருக்குக் கொடுத்துட்டோம்னா மனசு ஆறும்."

சக்களத்தி ஒழிந்தாள் என்று ஜெயசீலி மகிழ்ந்திருக்க வேண்டும். மாதர் சங்கத்தில் கைகுலுக்கக்கூடச் செய்தார்கள். அவளுக்கோ வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் தான் திட்டித் தீர்த்த படகை ஒரே நாளில் தனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

அறுப்பின் பண்டிகை என்றால் அந்தச் சர்ச்சில் ஆராதனைக்குக் கூட்டமோ இல்லையோ, அதற்குப் பின் நடக்கிற ஏலத்துக்குக் கூட்டம் அலைமோதும். வாழைத்தார், பூசணி, கோழி, கேக் என்று அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விட்டுப் பணத்தைச் சர்ச் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வாங்குவதைவிட ஏற்றிவிடுவதில்தான் அங்கே எல்லோருக்கும் ஆனந்தம். ஒருத்தர் ஒரு பொருளின்மேல் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் போதும், சிநேகிதர்களே எதிர்த்துக் கேட்டு விலையை மரத்தில் ஏற்றிவிடுவார்கள். பெண்டாட்டி செய்த கேக்கைப் புருஷன் கொள்ளை விலைக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது வருஷா வருஷம் நடப்பது. ஏலம் கூவுவது எப்போதும் லாசரஸ் சார்தான். அவருக்கு அப்படி ஒரு குரல்.

அன்று கடைசியாகப் படகு வந்தது. முதலில் கேட்டவர் தசரதன். பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குக் கோவளத்து உப்பு சப்ளை செய்கிற வியாபாரி. சர்ச் ஆள் இல்லை, ஆனாலும் ஏலத்துக்குத் தவறாமல் வருவார்.

"சோக்கான மரம் சார். ஷெட்டுல தோல் ஊறப்போட தொட்டி இல்லாம பேஜாரா கீது. இத்தக் கொண்டும்போய்ப் போட்டா பத்து வருசத்துக்குக் கவலையில்ல" என்றார் வெள்ளையாக.

லாசரஸ் சாருக்கு முகம் செத்துவிட்டது. இருந்தாலும் கூவினார். "ஒரு தரம்" என்றபோது அவருடைய வலது கை படகின் விளிம்பில் இருந்தது. சந்தைக்கு ஓட்டிப் போகிற கன்றைத் தடவிக் கொடுக்கிற மாதிரி அந்தக் கை அதையே தடவிக்கொண்டிருந்தது. ஜெயசீலி பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. கையைத் தூக்கி, தசரதன் கேட்டதற்குமேல் கேட்டாள்.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அவள் வழக்கம்போல விலையை ஏற்றிவிடுகிறாள் என்றே அத்தனை பேரும் நினைத்தார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? சக்களத்தி கதையை ஊரெல்லாம் பரப்பியவள் அவள்தானே.

"பாருங்கய்யா, சக்களத்தியை அனுப்ப டீச்சர் பாடுபடறதை!" என்றார் சர்ச் பொருளாளர் ஜெபராஜ். சொன்னதோடு விடவில்லை, தாமும் ஏற்றிக் கேட்டார். ஜெயசீலி அதற்குமேல் கேட்டாள். பின் வரிசையிலிருந்து இன்னொருத்தர் கேட்டார். தசரதனும் விடுவதாக இல்லை. பொல்லாத உற்சாகம் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் பணம் கண்ணெதிரே கரைந்தது. ஆனாலும் அவள் கையை இறக்கவில்லை.

அவளை வாட்டியது பணம் அல்ல. லாசரஸ் சாரும் அதை விளையாட்டு என்றே எண்ணிவிட்டார். அவர் முன் வரிசையில் இருந்த அவள் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "போதும் சீலி. இன்னிக்கு வேணாம்" என்றார். இருபது வருஷத்தில் அவர் அவளிடம் அப்படிக் கெஞ்சியதே கிடையாது.

ஜெயசீலி எழுந்து நின்றாள். முழங்கால் வலித்தது. வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள்.

"யாரும் சிரிக்காதீங்க. நான் ஏத்தி விடல. அந்தப் படகு எனக்கு வேணும். எங்க வீட்டுக்கு வேணும். தயவுசெஞ்சு யாரும் மேல கேக்காதீங்க."

 ஜெபராஜ் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். தசரதன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "மெய்யாலுமா கேக்கறீங்கோ டீச்சரம்மா? மொதல்லயே சொல்றதுக்கின்னா? நான் பூந்திருக்கவே மாட்டேன்."

"ஒரு தரம்" என்றார் லாசரஸ் சார். "ரெண்டு தரம்" என்றார். மூன்றாவதற்கு அந்தப் பேர்போன குரல் அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்கிறார், மூச்சுதான் வருகிறது. கூட்டமே சேர்ந்து "மூணு தரம்!" என்று கத்தி ஏலத்தை முடித்துவைத்தது.

ஸ்கூட்டருக்கு மிச்சம் இருந்த பணத்தில் புதிது வாங்க வழியில்லை. பழையதுதான் தேறும். அதைச் சொல்லி ஜெயசீலி பெருமூச்சு விட்டபோது தசரதன் குறுக்கே வந்தார்.

"ஸ்கூட்டரே எடுங்கோ சார். எங்க லாரி சனிக்கெழமை சனிக்கெழமை கோவளம் போய் உப்பு ஏத்திகினு வருது. முட்டுக்காடு போற வழிதானே? பின்னால மாட்டிக்கினா லாரி இன்னா தேஞ்சா பூடும்? போவச்சொல்லோ டிரைவரு எறக்கி வுட்டுட்டு, வரச்சொல்லோ இட்டாந்துடுவான்."

இரண்டு குணமும் உள்ள வண்டியைத் தேடி அலைந்தவர்களுக்கு, அது இரண்டு வண்டியாக இருக்கலாம் என்று அதுவரை தோன்றவே இல்லை.

சர்ச் ஆட்களே படகை வீடு வரைக்கும் தள்ளிவந்து, பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். காம்பவுண்டுக் கதவைச் சாத்திவிட்டு லாசரஸ் சார் அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே சீலி?"

"இப்பவும் ஆகாது. ஆனா முட்டுக்காட்டுக்குப் போயிட்டு வர்ற அன்னிக்கு நீங்க வேற ஆளா வர்றீங்க. வாய் ஓயாம பேசறீங்க, சிரிக்கறீங்க, சோறு நல்லா இருக்குன்னு சொல்றீங்க. அந்த ஆள் எனக்கு வேணும். இதைக் கொடுத்துட்டா அவரை நான் எங்க போய்த் தேடுவேன்?"

லாசரஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்புறம் அவள் முழங்காலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஸ்கூட்டர் பார்க்கறப்ப பின் சீட்டு நல்லா மெத்துனு இருக்கறதா பார்த்து எடுக்கணும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக் குடிச்சாலும் பரவாயில்ல."