பட்டினி கிடந்த பவ்கே

மார்ச் பிறந்ததிலிருந்து பாம்பு பட்டினி. வீட்ஸே அதன் கண்ணாடிப் பெட்டியே கதி என்று கிடந்தான். உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, இடுக்கியில் பிடித்துக்கொண்டு கெஞ்சுவான்.

"ஒரு வாய்டா பவ்கே, என் ராசா இல்ல?"

அவன் மனைவி ஹில்கேவுக்கு வயிறு எரிந்தது. போன மாதம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, பட்டாணி சூப்பைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் பாட்டுக்குழுப் பயிற்சிக்கு ஓடிய மகராசன் இவன். கை கால் இல்லாத ஜென்மத்துக்கு இத்தனை சீராட்டா!

"எனக்கு என்னிக்காவது இப்படி ஊட்டிவிட்டிருக்கியா?"

"நீதான் கேக்காமலே தட்டைக் காலி பண்றியே!"

அவனே சிரித்துக்கொண்டான். மறுநாள் எலி வாங்க லியூவார்டன் கடைத்தெருவுக்கு அவளைத்தான் அனுப்பினான்.

"ஆண் பாம்பா?" என்றாள் கடைக்காரி, பட்டினிக் கதையைக் கேட்டுவிட்டு. "வசந்தம் வந்தா அப்படித்தான்மா. பொட்டை வாசம் பட்டுட்டா சோறு தண்ணி இறங்காது. பொட்டையை வேற ரூமுக்கு மாத்துங்க."

"எங்க வீட்ல பொட்டையே இல்லையே."

"அப்போ சும்மாகூட முரண்டு பிடிக்கும். இல்லாட்டி யாராவது பொட்டையைத் தூக்கிட்டு வந்திருப்பாங்க. கையைக் கழுவினாலும் துணியில நிக்கும்."

அன்று மாலை வீட்ஸே பயிற்சி முடிந்து வந்தான். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். ஸ்வெட்டரை வழக்கம்போல் பெட்டியின் வலைமூடிமேல் வீசிவிட்டு, முன்கதவைத் திறந்து எலியை நீட்டினான்.

பவ்கே எலியைச் சீண்டவில்லை. நிமிர்ந்து, நாக்கை நீட்டி நீட்டி, ஸ்வெட்டர் கை கிடந்த இடத்தில் மூக்கைத் தேய்த்தது. ஹில்கே எதுவும் நடக்காதது போலக் கேட்டாள்.

"பாட்டுக்குழுவுல பொட்டைப் பாம்பு வச்சிருக்கிறது யாரு?"

"ரிக்ஸ்ட்னு ஒருத்தி. அவ பாம்பு அஞ்சடி இருக்கும். என்னமா பழகுது தெரியுமா, சுருண்டு மடியிலயே..." அவன் வாய் அப்படியே நின்றது.

"சோபாவுலயா, கட்டில்லயா?"

வீட்ஸே ஸ்வெட்டரை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதுவே போதுமாயிருந்தது.

"கிளம்பு. இவனையும் தூக்கிட்டுப் போ. ரெண்டு பேருக்கும் பசி அங்கதானே."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவான் என்று நின்றாள். அவனோ வெளியே குளிர் என்று பவ்கேவை அந்த ஸ்வெட்டரிலேயே பதமாகச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான். அப்போதும் அவளுக்கு ரிக்ஸ்ட்மேல் எரிந்ததைவிடப் பாம்பின்மேல்தான் அதிகம் எரிந்தது.