வாக்கியத்தின் வால்

மாதாமாதம் இன்சுலின் வாங்க வரும் பெரியவர் அன்று மருந்து வாங்கவில்லை. போனை மேசைமேல் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டார்.

"நாங்க காலாவதியான மருந்தைத்தான் விக்கிறோம்."

மருந்துக்கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குரலேதான். 'தான்' என்ற இடத்தில் அவள் கொடுக்கும் அழுத்தம்கூட அச்சு அசலாக இருந்தது.

"நான் எப்பங்க இப்படிச் சொன்னேன்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? தெருக்குழுவுல வந்துச்சு. உன் வாயால நீயே சொல்ற" என்று அவர் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சாயங்காலத்துக்குள் கடை வெறிச்சோடிவிட்டது. பில் போடும் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, கணினித் திரையிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "யாருக்கா இப்படிச் செஞ்சிருப்பாங்க?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

யார் என்பதில் மருந்துக்கடைக்காரிக்குச் சந்தேகமே இல்லை. சனிக்கிழமைகளில் நூலக மாடியில் நடக்கும் வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். ரேடியோ நாடகங்களுக்கு ஒலிப்பதிவு செய்த அம்மாள் ஒருவர் நடத்தும் வகுப்பு. படத்தில் ஆளை அழிப்பது, வீடியோவில் இடத்தை மாற்றுவது, அடுத்தவர் குரலில் கணினியைப் பேசவைப்பது எல்லாம் சொல்லித்தருவார். "பொய்யைத் தன் கையால தைச்சுப் பாத்தவங்களுக்குத்தான் அடுத்தவன் பொய்யில தையல் எங்கன்னு தெரியும்" என்பார்.

போன வகுப்பில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், எல்லாரையும் போலப் பேசிக்காட்டுவதால் 'எதிரொலி' என்று பட்டப்பெயர் பெற்றவர், மருந்துக்கடைக்காரியின் குரலைக் கணினிக்குப் பழக்கி, "இன்னிக்கு எல்லா மருந்தும் இலவசம், பையோட வாங்க" என்று பேசவைத்திருந்தார். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

மறுநாளே அவர் வேலை செய்யும் கட்டிடத்துக்குப் போனாள். லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்ததால் மேல்மாடிவரை படியேறி, மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றாள்.

"என் குரலை வெச்சு என்ன செஞ்சீங்க?"

"அன்னிக்கு செஞ்சதுதான். எல்லாரும் கேட்டீங்களே."

"அதுக்கப்புறம்?"

"வகுப்பு முடிஞ்சதும் அழிச்சுட்டேன்."

"அழிச்சீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

அவர் ஸ்பானரில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தார். "நம்ப வேண்டாங்க. முடிவு பண்ணிட்டுத்தானே இத்தனை படி ஏறி வந்திருக்கீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் திருடன் என்று நினைத்திருப்பாள். கோபப்படாததால் கைதேர்ந்த திருடன் என்று நினைத்துக்கொண்டு இறங்கினாள்.

சனிக்கிழமை வகுப்பில் பாதி நாற்காலி காலி. வந்தவர்களும் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மைக் முன்னால் பேச ஒருவரும் வரவில்லை.

"யார் செஞ்சாங்கன்னு அப்புறம் பாப்போம். எப்படி செஞ்சாங்கன்னு முதல்ல கேப்போம்" என்று அம்மாள் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டார். குரலுக்குப் பின்னால் மெல்லிய 'ங்...' என்ற ஓசை கேட்டது.

"எங்க கடை ஃப்ரிட்ஜ்" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"அப்போ இது கணினி செஞ்ச குரலா இருக்காது. வேணும்னா ஃப்ரிட்ஜ் சத்தத்தையும் சேக்கலாம்தான். ஆனா அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு?"

கடைசி வரிசையிலிருந்து எதிரொலி கையைத் தூக்கினார். "முடியிற இடத்தை மட்டும் மெதுவா ஓட்டுங்கம்மா."

ஓட்டினார்கள். *விக்கிறோம்...ன்.*

"கேட்டீங்களா? 'விக்கிறோம்'ல முடியல. பின்னாடி ஒரு 'ன்' தொங்குது. யாராவது அப்படி முடிப்பாங்களா?"

அம்மாள் அவள் பக்கம் திரும்பினார். "'விக்கிறோம்னு'... அதுக்கு மேல என்ன சொன்னீங்க?"

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. *நாங்க காலாவதியான மருந்தைத்தான் விக்கிறோம்னு புதுக் கடைக்காரங்க கிளப்பி விடுறாங்க, யாராவது கேட்டா விட்டுக்குடுக்காம பேசு.* கடையிலிருந்து போனில் பேசி அனுப்பியது. அனுப்பியது ஒரே ஓர் ஆளுக்கு, அன்று கடைக்கு வராமல் வீட்டில் இருந்தவளுக்கு.

வீட்டுக்குப் போனவள் உடனே கேட்கவில்லை. ஓரகத்தி போனோடு பால்கனிக்குப் போனால் காதைத் தீட்டிக்கொண்டாள். அவள் சிரித்தால் யாரோடு என்று பார்த்தாள், சிரிக்காவிட்டால் ஏன் என்று பார்த்தாள். ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு இப்படி வேவு பார்ப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மறுநாள் கடை திறந்ததும் முழுப் பதிவையும் ஓடவிட்டாள்.

ஓரகத்தி பில் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள். "நான்தான்க்கா வெட்டினேன்."

"ஏன்?"

"அந்த வகுப்பைப் பத்தி முதல்ல சொன்னதே நான்தான். ரெண்டு பேரும் போனா கடையை யார் பாக்குறதுன்னு சொல்லிட்டு நீங்க மட்டும் போனீங்க. வீட்டுல வந்து வெட்டுறது ஒட்டுறதெல்லாம் காட்டினீங்க. எனக்கும் வருதான்னு பாத்தேன். என் ஸ்கூல் தோழிக்கு விளையாட்டா அனுப்பினேன். அவ யாருக்கோ அனுப்பிட்டா."

"தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன். பயம் மட்டும்தான்னு சொன்னா அதுவும் பொய். உங்க முகம் வாடினதை அன்னிக்கு ஓரக்கண்ணால ரசிச்சுட்டு இருந்தேன்."

மருந்துக்கடைக்காரிக்கு அவள் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. ஆனால் வகுப்புக்கு யார் போவது என்று தான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உண்மைதான்.

முழுப் பதிவையும் தெருக்குழுவில் போட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. 'குரல் செய்ற வகுப்புக்குப் போறவங்க, வால் ஒட்டத் தெரியாதா?' என்று ஒருவர் எழுத, அதற்கு மேல் பத்துப் பேர் கைதட்டினார்கள். உண்மைதான் இப்போது இட்டுக்கட்டியதாகத் தெரிந்தது.

"குழுவுல பேசிப் பிரயோஜனம் இல்ல. நேர்ல காட்டணும்" என்றாள் ஓரகத்தி. தன் போனைக் கடை ஒலிபெருக்கியில் இணைத்து வாசலில் உட்கார்ந்தாள். எதிர்ப்புறம் போன பெரியவரைத் தானே கூப்பிட்டாள்.

"ஐயா, ஒரு வாக்கியம் சொல்லுங்க. 'இந்தக் கடையில மருந்து வாங்காதேன்னு சொன்னா நான் கேக்க மாட்டேன்.'"

அவர் முறைத்தபடி சொன்னார். ஓரகத்தி விரலால் இரண்டு இடத்தில் தட்டினாள். ஒலிபெருக்கியில் பெரியவர் குரல் தெருவுக்கே உத்தரவு போட்டது: "இந்தக் கடையில மருந்து வாங்காதே!"

பெரியவர் தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்தார். காய்கறி வாங்கி வந்த பெண் நின்றாள், பின்னால் இன்னொருத்தி.

"நம்ம பேச்சுல ஆமாவா இல்லையான்னு கடைசியிலதான் வருது. வாலை வெட்டினா எந்த வாக்கியமும் தலைகீழா நிக்கும்" என்றாள் ஓரகத்தி. "அக்கா பேச்சை வெட்டினது நான்தான். இப்படித்தான் வெட்டினேன்." வந்தவர்களிடமெல்லாம் அதையே திரும்பச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒருத்தி தன் மகளையும் கூட்டிவந்து வெட்டிக் காட்டச் சொன்னாள்.

வியாபாரம் மெல்லத் திரும்பியது. சனிக்கிழமைகளில் இருவரும் முறைபோட்டு வகுப்புக்குப் போனார்கள்.

எதிரொலியிடம் மன்னிப்புக் கேட்க அவள் மறுபடியும் அத்தனை படியும் ஏறினாள். "பரவாயில்லைங்க" என்றார். ஆனால் வகுப்பில் அவள் குரலை மட்டும் அவர் அப்புறம் பேசிக்காட்டவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் எதிரொலி இருமலோடு கடைக்கு வந்தார். அவள் கொடுத்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தேதியை ஒருமுறை படித்தார். திருப்பிவைத்து இன்னொருமுறை படித்தார்.

"நல்லாப் பாருங்க. ஒண்ணும் அவசரமில்லை" என்றாள் அவள், உண்மையாகவே.