அறுபத்தெட்டு டிகிரியில் ஒரு கைகுலுக்கல்

லானி ப்ரூயிட் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு முட்டையை வைத்துக்கொண்டால், ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் அது வெந்துவிடும். அந்த வருடம் ஒஹாயோவின் லோகஸ்ட் பெண்ட் என்ற ஊரில் முட்டை டஜன் ஒன்றே முக்கால் டாலர் விற்றது. இருபது வருடம் பாலைவனங்களில் ராணுவ லாரி ஓட்டிவிட்டு ஒஹாயோவுக்குத் திரும்பியபோது, எல்லாரையும்போல அவனும் முழங்கால் வலியையும் தூக்கம் பிடிக்காத கண்களையும் கொண்டுவந்தான். கூடவே அந்தப் பாலைவன வெயிலும் கைகளில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ராணுவ டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் பட்டென்று வெடித்தது. இன்னொன்று வைத்தார், அதுவும் வெடித்தது. மூன்றாவதை வீணாக்க மனமில்லாமல், வயதானால் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேலை கிடைப்பது கஷ்டமாக இல்லை. தங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் காலையில் சேர்ந்தான், மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிட்டார்கள். தரையிலிருந்து வழித்தெடுத்த வெனிலாவை ஊர்நாய்கள் வாரக்கணக்கில் நக்கின என்பார்கள். தபால்காரனாக இருந்தபோது அவன் கொண்டுபோன கடிதங்களெல்லாம் சுட்ட அப்பளம்போல ஓரம் கருகிப் போய்ச் சேர்ந்தன. கல்யாணப் பத்திரிகையை வாங்கிய ஒருவர் கறுத்த ஓரத்தைப் பார்த்து இழவுச் செய்தி என்று நினைத்து அழுதேவிட்டார். அவன் மனைவி மார்லீன் பெட்டியில் துணி அடுக்கி வாசற்கதவோரம் வைத்தாள்.

"உன் சூட்டோட வாழ்ந்துடுவேன் லானி. வேலையில்லாம நாள் பூரா ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருக்கியே, அதோட முடியாது. வசந்தத்துக்குள்ள ஒரு வேலையில நிலைச்சு நில்லு. இல்லேன்னா நான் டேட்டன்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

மிரட்டலாக இருந்தால் கத்தியிருப்பாள். மெதுவாகச் சொன்னாள். அதனால் லானி பயந்துபோனான்.

படைவீரர் நல அலுவலகத்தில் இருந்தவர் நெடுநேரம் மோவாயைத் தடவிவிட்டு, "இரும்பு உருகாதுல்ல?" என்று கேட்டார். அப்படித்தான் லானி, இரும்பு கடையும் லேத் பட்டறைப் பயிற்சியில் போய் விழுந்தான். தேறியவர்களுக்குப் பம்பு தொழிற்சாலையில் வேலை காத்திருந்தது. வகுப்பில் பாதிப்பேர் பழைய சிப்பாய்கள். மீதி, பிழைப்பை மாற்ற வந்தவர்கள்: முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு வந்த டோட்டி, முப்பது வருடம் பிணங்களைக் குளிப்பாட்டி உடுத்தி அலங்கரித்து அலுத்துப்போன யூஜின் ஸ்ட்ராட்மன். ஸ்ட்ராட்மன் எப்போதும் கைகளைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். அந்தத் தொழில் செய்தவரோடு கைகுலுக்க ஊரில் யாரும் விரும்பியதில்லை. அவரும் யாரையும் சங்கடப்படுத்த விரும்பியதில்லை. சொல்லிக்கொடுத்தவள் டெஸ் கோவாச், லானிக்கு மகள் வயது.

"என்னை மேடம்னு கூப்பிடாதீங்க சார்ஜெண்ட். டெஸ்னு கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்."

லேத்தில் சுழலும் இரும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் பிரிந்து வருவதைக் கண்ட நாளிலிருந்து லானிக்கு அந்த வேலைமேல் காதல். கடைந்து முடித்ததும் இயந்திரத்தை நிறுத்தி, துண்டின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவுவான். பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. வழவழப்பைக் கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். பிறகு மைக்ரோமீட்டரால் அளப்பான். இரண்டு அங்குலம் என்றால் மிகச்சரியாக இரண்டு அங்குலம் காட்டும். பெருமையோடு பரிசோதனை அறைக்குக் கொண்டுபோவான். கொஞ்ச நேரம் கழித்து டெஸ் அங்கே அளந்தால், ஒரு அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் ஒரு கூறு குறைந்திருக்கும். பட்டறையில் அந்த ஒரு கூறு போதும், துண்டு குப்பைக்குப் போக.

"கூடுதலா இருந்தா இன்னும் கொஞ்சம் சீவலாம் சார்ஜெண்ட். குறைஞ்சத எதை வெச்சு ஒட்டறது?"

லானி துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய் அளந்தான். சரியாக இருந்தது. உள்ளே வைத்துவிட்டு வந்தான். குறைந்திருந்தது. வெளியே, சரி. உள்ளே, குறைவு. அன்று அவன் அந்த வாசற்படியைத் தாண்டிய தாண்டலில் சிமென்ட்டுத் தரையில் பள்ளம் விழுந்து, பிறகு அதில் தண்ணீர் தேங்கியது. ஸ்ட்ராட்மனின் கதை அதைவிட விசித்திரம்: அவருடைய துண்டுகள் அதே அறைக்குள் போனதும் பெருத்தன. ஒரே கதவு ஒருவனுக்குச் சுருக்குகிறது, இன்னொருவருக்கு ஊதுகிறது. டோட்டி சிலுவை போட்டுக்கொண்டாள். டெஸ் கதவையே கழற்றிப் பார்த்தாள். அன்றைக்குக் குளிர் உள்ளே புகுந்து வகுப்பிலிருந்த எல்லாருடைய துண்டுகளும் தப்பாகிவிட, கதவைத் திரும்ப மாட்டினாள். போரில்கூட லானி இப்படிக் குழம்பியதில்லை. அங்கே குறைந்தபட்சம் எதிரி எந்தப் பக்கம் என்று யாராவது சொல்லுவார்கள்.

குழப்பத்தை மார்லீன்தான் உடைத்தாள், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டே. "உன் கல்யாண மோதிரம் கையில இருக்கும்போது லொடலொடன்னு ஆடுது. ராத்திரி கழட்டி ஜன்னல்ல வெச்சா, காலைல விரல்ல ஏறவே மாட்டேங்குது. தங்கமே உன் சூட்டுல ஊதும்போது உன் இரும்பு மட்டும் என்ன, விரதமா இருக்கு?"

மறுநாள் டெஸ்ஸிடம் அவன் இதைச் சொன்னபோது அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மைக்ரோமீட்டரின் பிடியில் கைச்சூடு ஏறாமலிருக்கத் தகடு பதித்திருக்கிறார்கள்; இரும்புத் துண்டுக்கு அப்படி யாரும் எதுவும் செய்துவைக்கவில்லை. பரிசோதனை அறையோ வருடம் முழுக்க அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்; கைச்சூட்டில் பெருத்த துண்டு அங்கே போனதும் ஆறிச் சுருங்கியிருக்கிறது.

"அப்ப எந்த அளவு நிஜம் மேடம்? என் கையில இருக்கறதா, அங்க இருக்கறதா?"

"அறுபத்தெட்டு டிகிரியில எது இருக்கோ அதுதான் நிஜம். உலகம் பூரா அப்படித்தான் பேசி வெச்சிருக்காங்க."

"என்னைக் கேக்கலியே."

காரணம் தெரிந்ததே தவிர வழி தெரியவில்லை. கையுறை போடலாமென்றால், லேத் பக்கத்தில் கையுறை கூடவே கூடாது. சுழலும் இயந்திரம் உறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தொடாமல் ஆறவிடலாமென்றால், லானி பக்கத்தில் நிற்கும்வரை எதுவும் ஆறாது. பனிக்கட்டி வாளியில் கையை முக்கினான். வாளி கொதித்தது, டோட்டி அதில் தேநீர் போட்டாள்.

தேர்வு நாள் வந்தது. மார்லீனின் பெட்டி இன்னும் கதவோரம்தான் இருந்தது; காலையில் அதைத் தாண்டித்தான் வந்திருந்தான். இரும்பை இயந்திரத்தில் பூட்டுவதற்கு முன் பக்கத்து லேத்தைப் பார்த்தான். ஸ்ட்ராட்மன் முகம் வெளிறி நின்றிருந்தார். ஊரில் யாரும் செய்யாததை லானி செய்தான், கையை நீட்டினான்.

"நல்லபடியா முடிங்க யூஜின்."

ஸ்ட்ராட்மன் அந்தக் கையையே பார்த்தார். "எங்கிட்ட கை குடுக்கறது நல்லா இருக்காது லானி. என் கை செத்த குளிர்."

"என் கையில முட்டை வேகும். குடுங்க."

இரண்டு கைகளும் சேர்ந்ததும், பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கியதுபோல 'ஸ்ஸ்' என்றது. கிளம்பிய ஆவியில் பட்டறையின் ஜன்னல்களெல்லாம் மூடுபனி பூண்டன. அஞ்சல் நிலையம்வரை ஈரம் தட்டியதாகச் சொல்லுவார்கள். ஆவி விலகியபோது இருவர் கைகளும் சாதாரணக் கைகளாக இருந்தன. லானி இரும்பைப் பூட்டிக் கடைந்தான், துண்டைத் தடவினான், அளந்தான். கால் மணி நேரத்துக்குப் பிறகு சூடு மறுபடி ஏறத் தொடங்கியது. அவன் திரும்புவதற்குள் ஸ்ட்ராட்மன் தானே கையை நீட்டியிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "அங்க என்ன நடக்குது?" என்றார்.

"கை குலுக்கறாங்க சார்," என்றாள் டெஸ். "அடுத்தவர் துண்டைத் தொடக் கூடாது, பேசக் கூடாதுன்னுதான் விதி. மரியாதை காட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

பரிசோதனை அறையில் லானியின் துண்டு இரண்டு அங்குலம் இருந்தது. வெளியே கொண்டுவந்தாலும் இரண்டு அங்குலம். நம்பிக்கை வராமல் இன்னும் பலமுறை உள்ளே வெளியே போய்வந்தான். கடைசியில் டெஸ் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

பம்பு தொழிற்சாலையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இயந்திரம் கொடுத்தார்கள். கால் மணிக்கு ஒருமுறை கைகுலுக்குகிறார்கள். புதிதாக வருபவர்கள் பழைய காலத்து மனிதர்கள், மரியாதை அதிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த அளவு நிஜம் என்ற குழப்பம் லானிக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் பொதுவிருந்துக்கு லானி வேகவைத்த முட்டைகளும், ஸ்ட்ராட்மன் உறையவைத்த ஜெல்லியும் போகின்றன; இரண்டுமே அடுப்பையும் குளிர்பெட்டியையும் பார்த்ததில்லை. அவற்றை மார்லீன் தன் பெட்டியில்தான் அடுக்கி எடுத்துப்போகிறாள். முட்டையில் உப்பு கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர, ஊரில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.